செவுளைத் தூக்கிப் பார்: ஒரு கடற்கரை ஊரின் ஆங்கில வகுப்பு, ஜூன் முதல் பிப்ரவரி வரை

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில் உள்ள ஒரு கடற்கரை ஊர். அங்கே வாசகசாலையில் வாரத்துக்கு மூன்று நாள், சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஏழரை வரை, எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் படிக்கிற 16 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். எல்லோரும் தமிழ்வழியில் படிக்கிறவர்கள். ஜூன் இரண்டாவது வாரம் தொடங்கி பிப்ரவரி கடைசியில் முடித்தோம். பிள்ளைகளின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதவில்லை. கரும்பலகையும் சாக்பீஸும் தவிர வேறு எதுவும் இல்லாமல் ஆங்கிலம் எடுக்கிற ஆசிரியர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு எங்கள் வகுப்பில் சரியாக வந்ததும் தெரிய வேண்டும், சரியாக வராததும் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் விசைப்படகில் போகிறவர்கள். மற்றவர்கள் வள்ளம், கட்டுமரம். அம்மாக்களில் சிலர் மீன் விற்கிறவர்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் வகுப்பு தொடங்கிய நேரத்தில் விசைப்படகில் போகிற அப்பாக்கள் எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள், ஆகஸ்ட் பிறந்ததும் பாதி வீடு காலியாகிவிட்டது. இது எங்கள் வகுப்பையே வேறு பக்கம் திருப்பும் என்று ஜூன் மாதத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழகத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் இது. இங்கே யாருக்கும் படிப்பின் அருமையைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. வகுப்புக்கு வராத பிள்ளையைத் தேடி அம்மாவே கையைப் பிடித்துக் கூட்டிவருவார். அதனால் ஆர்வம் இல்லை, ஆதரவு இல்லை என்று நான் எந்தக் காரணமும் சொல்ல முடியாது.

முதல் மூன்று வாரத்தில் கண்டது

முதலில் பயிற்சித்தாள் கொடுத்துப் பார்த்தேன். ஆக்டிவ் வாய்ஸை பாஸிவ் ஆக்குவது, ரிப்போர்ட்டட் ஸ்பீச், கொஸ்டின் டேக். நன்றாகவே செய்தார்கள். சூத்திரம் தெரியும், எங்கே எதை மாற்ற வேண்டும் என்று கை தானாகப் போகிறது. ஒரு பையன் பத்து வாக்கியத்தில் ஒன்பதைச் சரியாக மாற்றிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தான். காலையில் என்ன சாப்பிட்டாய் மக்களே, ஆங்கிலத்தில் சொல்லு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, "ஐ ஆம் ஈட் புட்டு" என்றான். பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் 'ஈட், ஏட், ஈட்டன்' என்று தாளில் அழகாக எழுதியிருந்தான்.

அவனுடைய 'ஏட்' தாளில் இருந்தது, வாயில் இல்லை. மூன்று வாரமும் எல்லோரிடமும் இதையேதான் பார்த்தேன். எந்தப் பிழை யாரிடம் வருகிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன், மூன்று திரும்பத் திரும்ப வந்தன. 'ஹி', 'ஷி' வரும்போது வினையின் கடைசி 'ஸ்' காணாமல் போவது. கேள்வி கேட்கும்போது 'டிட்' இல்லாமல் "யூ வென்ட்?" என்று குரலை மட்டும் ஏற்றுவது. 'எ' (a), 'த' (the) இரண்டையும் விட்டுவிடுவது, இல்லையென்றால் எல்லா இடத்திலும் 'த' போட்டுவிடுவது.

ஜன்னல் ஓரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி உட்காருவாள். நோட்டு அச்சடித்த மாதிரி இருக்கும். மூன்று வாரத்தில் அவள் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவளுடைய பக்கத்தில் நான் குறித்துவைக்கப் பிழையே இல்லை, ஏனென்றால் பேச்சே இல்லை. நோட்டைப் பார்த்து நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று நினைத்துக் கடந்துபோனேன். அது என் தவறு.

ஏலம் என்று முடிவெடுத்தது

வாக்கிய ஏலம் என்ற விளையாட்டு ஆங்கில ஆசிரியர்களுக்குப் புதிதில்லை. சரியான வாக்கியமும் தவறான வாக்கியமும் கலந்து வைத்து, அணிகள் ஏலம் கேட்டு வாங்க வேண்டும், தவறானதை வாங்கியவர்களுக்கு நஷ்டம். இதை நான் தேர்ந்தெடுத்ததற்கு இந்த ஊர்தான் காரணம். இந்தப் பிள்ளைகள் நடக்கப் பழகிய நாளிலிருந்து கடற்கரையில் ஏலம் கேட்டு வளர்ந்தவர்கள். யார் எவ்வளவு ஏற்றுவார்கள், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. தெரிந்த ஒன்றின் மேல் தெரியாத ஒன்றை வைத்தால் பயம் குறையும் என்று நினைத்தேன்.

12 வாக்கியங்களைச் சார்ட் அட்டையில் பட்டை பட்டையாக எழுதி ஒரு பனையோலைக் கடவத்தில் போட்டுக் கொண்டுபோனேன். நான்கு நான்கு பேராக நான்கு அணி. ஒவ்வொரு பட்டையையும் எடுத்துக் காட்டுவேன், அணிக்குள் ஒரு நிமிடம் பேசிக்கொள்ளலாம், பிறகு ஏலம். கெட்டுப்போன வாக்கியத்தை வாங்கிவிட்ட அணி அதை அங்கேயே சரிசெய்தால் பாதிப் பணம் திரும்பக் கிடைக்கும்.

மீன் வாங்குகிற எவரும் முதலில் செவுளைத் தூக்கித்தான் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் புதுசு, வெளுத்திருந்தால் பழசு. வாக்கியத்துக்குச் செவுள் எது என்று கேட்டேன். பலரும் பலது சொன்னார்கள், கடைசியில் வினைச்சொல் என்று வைத்துக்கொண்டோம். எந்தப் பட்டை வந்தாலும் முதலில் வினையைப் பார், யார் செய்கிறார், எப்போது செய்கிறார் என்று அதற்குள் தெரிகிறதா என்று பார். "மை மதர் செல் ஃபிஷ்" என்ற பட்டையை எடுத்ததும் பின்னாலிருந்து ஒருவன், "செவுளு வெளுத்திருக்கு டீச்சர், 'செல்ஸ்' வரணும்" என்றான். அன்றைக்கு அந்த வகுப்பில் கேட்ட சத்தம் அதற்கு முன் மூன்று வாரமும் கேட்காத சத்தம்.

அந்த 'ஸ்' பற்றி ஒரு விளக்கம் கொடுத்தேன், அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார்கள் என்று ஆளுக்கு ஒரு வால். ஆங்கிலத்திலும் பழைய காலத்தில் இப்படிப் பல வால்கள் இருந்தன, எல்லாம் உதிர்ந்து நிகழ்காலத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம், அதையும் நாம் விட்டுவிடலாமா என்று கேட்டேன். ஐந்து வாலைத் தினமும் தவறாமல் போடுகிற பிள்ளைகளுக்கு ஒரு வால் பெரிய பாரம் இல்லை என்று அவர்களே சொன்னார்கள்.

'த' விஷயத்துக்கும் தமிழே கை கொடுத்தது. தமிழில் 'த' கிடையாது என்றுதான் பொதுவாகச் சொல்வோம். ஆனால் "மீன் வாங்கினேன்" என்பதற்கும் "மீனை வாங்கினேன்" என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது இல்லையா? முதலாவது ஏதோ மீன். இரண்டாவது, நீயும் நானும் ஏற்கெனவே பேசிய அந்த மீன். இரண்டாவதைச் சொல்லும்போது ஆங்கிலத்தில் 'த' வரும். இந்த 'ஐ' எல்லா இடத்துக்கும் உதவாது, செயப்படுபொருளுக்கு மட்டும்தான், அதிலும் ஆட்களைக் குறித்தால் எப்படியும் 'ஐ' வந்துவிடும். ஆனாலும் தொடக்கத்துக்கு இதைவிட நல்ல கைப்பிடி எனக்குத் தெரியவில்லை. 'எ', 'த' இரண்டையும் விதியாக மனப்பாடம் செய்த பிள்ளைகள் முதல்முறையாக அர்த்தத்தைப் பார்த்துப் போட ஆரம்பித்தது இந்த மீனுக்குப் பிறகுதான்.

ஒரு சறுக்கலையும் பதிவு செய்ய வேண்டும். முதல் இரண்டு வாரம் பேப்பரில் நூறு, ஐநூறு என்று எழுதிய பொய்ப் பணத்தை வைத்து ஏலம் நடத்தினேன். வகுப்பு முடிந்த பிறகும் கணக்கு தொடர்ந்திருக்கிறது, தோற்ற ஒரு சின்னப் பையனிடம் நிஜமாகவே பத்து ரூபாய் வாங்கிவிட்டார்கள். தெரிந்த அன்றே நிறுத்தி, பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்து, அடுத்த நாளிலிருந்து புளியங்கொட்டைக்கு மாறினோம். முடிந்ததும் கொட்டை எல்லாம் என் டப்பாவுக்குத் திரும்பிவிடும், யாருக்கும் மிச்சமில்லை.

ஆறாவது வாரம்: எது நடக்கவில்லை

ஏலம் தொடங்கி ஆறாவது வாரம். பிழையைக் கண்டுபிடிப்பதில் எல்லோரும் கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். சரி, பேச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம் என்று ஒவ்வொருவரையும் வெளித் திண்ணைக்குக் கூப்பிட்டு, இன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன்.

ஒன்பது பேரால் இரண்டு வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை. 'செல்ஸ்' வரணும் என்று கத்திய அதே பையன் என்னிடம், "மை மதர் மார்க்கெட் கோ" என்றான்.

அன்று இரவு என் நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். ஏலத்தில் யார் யார் பேசினார்கள் என்று எண்ணிப் பார்த்தால், ஏலம் கேட்டுப் பழகிய மூன்று பையன்களின் குரல்தான் பெரும்பாலும். அந்த ஜன்னலோரப் பிள்ளை இருந்த அணி பலமுறை ஜெயித்திருக்கிறது, அவள் காதில் சொல்லிக்கொடுத்ததால்தான் ஜெயித்திருக்கிறது, ஆனால் அவள் வாய் திறக்க வேண்டிய தேவையே அங்கே வரவில்லை. இன்னொன்று, ஏலத்தில் வாக்கியத்தை எழுதிக் கொடுப்பது நான். பிள்ளைகள் செய்வது தரம் பார்க்கிற வேலை. மீனைத் தரம் பார்க்கத் தெரிந்தவர் எல்லோரும் கரமடி, அதாவது கரையில் நின்று இழுக்கிற பெரிய வலையை, இழுத்துவிட முடியுமா? கரமடி இழுக்கிற வேலையை நான் யாருக்கும் கொடுக்கவே இல்லை.

ஆகஸ்டில் மாற்றியது

ஏலத்தை வாரம் ஒரு நாளாகக் குறைத்து, மற்ற இரண்டு நாளும் பேச்சுக்கு என்று வைத்தேன். இரண்டு புது முறைகளைச் சேர்த்தேன்.

ஒன்று பாதிச் சீட்டு. இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். நான்கு படகு, ஒவ்வொன்றிலும் பட்ட மீன், எடை, போன விலை என்று ஓர் அட்டவணை. ஒருவர் சீட்டில் பாதிக் கட்டம் காலி, மற்றவர் சீட்டில் மீதிப் பாதி காலி. சீட்டைக் காட்டக் கூடாது, கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். இங்கே கேள்வி கேட்காமல் ஒரு அடி நகர முடியாது. "வாட் தே காட்?" என்று தொடங்கினார்கள், பிறகு "வாட் டிட் தே காட்?" ஆனது. அந்தக் கட்டத்தில் நிறுத்தி ஒரே ஒரு குறிப்பு கொடுத்தேன்: 'டிட்' வந்தால் இறந்தகாலத்தை அது வாங்கிக்கொண்டது, அடுத்த வினை வெறுங்கையோடு நிற்கும். ஆகவே 'கேட்ச்'. மூன்று வாரத்தில் 'டிட்' பெரும்பாலானவர்கள் வாயில் நின்றுவிட்டது. ஒன்பது மாதத்தில் எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்த முன்னேற்றம் இதுதான்.

இரண்டாவது, ஒரே கதையை மூன்று முறை சொல்வது. நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் எடுத்துச் சொல்லிப் பரவலான முறை இது, அங்கே நான்கு, மூன்று, இரண்டு நிமிடம் என்று வைப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நான்கு நிமிடம் அதிகம், அதனால் 90 நொடி, 60 நொடி, 45 நொடி என்று வைத்தேன். ஒவ்வொரு முறையும் கேட்கிற ஆள் மாறுவார், கதை அதேதான். மூன்றாவது முறை தயக்கம் குறைந்து வேகமாக வரும். இடையில் நான் திருத்த மாட்டேன், காதில் விழுகிற பிழையைச் சீட்டில் எழுதிவைத்துக்கொள்வேன், அவற்றில் மூன்றைப் பெயர் சொல்லாமல் அடுத்த ஏலத்துக்குப் பட்டையாக எழுதுவேன். ஏலத்துக்கு ஓர் அர்த்தம் வந்தது அப்போதுதான், கடவத்தில் கிடந்த மீன் அவர்களே பிடித்ததாக இருந்தது.

ஆகஸ்ட் மூன்றாவது வாரம் அந்த ஜன்னலோரப் பிள்ளை முதல்முறையாகப் பேசினாள். கேட்பது ஒரே ஒரு ஆள், அதுவும் தோழி, அதனால் முடிந்தது என்று நினைக்கிறேன். அப்பா கொச்சியிலிருந்து கிளம்பும் ஆழ்கடல் படகில் போனவர். "மை ஃபாதர் ஹேஸ் பீன் டு ஸீ" என்று தொடங்கினாள். தோழி உடனே தமிழில், "அப்போ உங்கப்பா வந்தாச்சா?" என்றாள். இவள் திகைத்துப்போய், "இல்லயே, எங்க வந்தாரு" என்றாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே மெதுவாக, "கான். ஹேஸ் கான்" என்றாள்.

இந்த இடத்தில் தமிழ் குழப்புகிறது என்பதை நான் அப்போதுதான் சரியாகக் கவனித்தேன். "நான் மதுரை போயிருக்கேன்" என்றால் எப்போதோ போய்த் திரும்பியிருக்கிறேன், அது 'பீன்'. "அப்பா கடலுக்குப் போயிருக்காரு" என்றால் இன்னும் வரவில்லை, அது 'கான்'. இரண்டுக்கும் தமிழில் ஒரே 'போயிருக்கு'. போய்ட்டு வந்திருக்காரு என்று சொல்ல முடிந்தால் 'பீன்', முடியாவிட்டால் 'கான்' என்று அடுத்த வகுப்பில் பலகையில் எழுதினேன். அப்பா கரைக்கு வந்தாரா வரவில்லையா என்பது இந்த ஊரில் யாரும் சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போகிற கேள்வி இல்லை. ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் கடைசியில் இந்தக் கரையெல்லாம் பல நாள் இதே கேள்வியோடுதான் காத்துக்கிடந்தது. அந்த வகுப்பில் இருந்த ஒருவர்கூட அதற்குப் பிறகு 'பீன்', 'கான்' இரண்டையும் மாற்றிப் போட்டதாக என் நோட்டில் இல்லை.

சொல் டப்பா

சொற்களுக்கு மூன்று அட்டைப்பெட்டி வைத்தோம். புதுச் சொல் ஒன்றாவது பெட்டியில், ஒவ்வொரு வகுப்பிலும் எடுத்துக் கேட்க வேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டாவது பெட்டி, வாரம் ஒருமுறை. அங்கேயும் சரி என்றால் மூன்றாவது, மாதம் ஒருமுறை. தவறினால் திரும்ப ஒன்றாவது. 1885இலேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்று அளந்துவிட்டார், பெட்டி முறையைச் செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பினார், நான் புதிதாக எதுவும் செய்யவில்லை.

ஆனால் எந்தச் சொல்லைப் போடுவது என்பதில் ஒரு தவறு செய்தேன். முதலில் மீன் பெயர்களாகப் போட்டேன்: சாளைக்கு சார்டைன், அயிலைக்கு மேக்கரெல், சூரைக்கு டூனா, நெய்மீனுக்கு சீர் ஃபிஷ். ஆசையாகப் படித்தார்கள், ஒரே வாரத்தில் எல்லாம் தெரியும். பேச்சில் ஒன்றும் மாறவில்லை, ஏனென்றால் அவர்களுக்கு முட்டிக்கொண்டு நின்றது பெயர்ச்சொல்லில் இல்லை. வலையைத் தைப்பது, இழுப்பது, நிறுப்பது, ஒழுகுவது, காய்வது, கடன் வாங்குவது, இதற்கெல்லாம் வினை வேண்டும். செப்டம்பரிலிருந்து பெட்டிக்குள் வினைதான் அதிகம், அதுவும் தனிச்சொல்லாக இல்லாமல் 'மென்ட் த நெட்', 'வெய் த ஃபிஷ்' என்று ஜோடியாக.

பெற்றோர்

செப்டம்பரில் ஓர் அம்மா வாசலில் நின்று கேட்டார்: "பிள்ளைய விளையாடவா டீச்சர் அனுப்புறேன்? நோட்டுல ஒண்ணும் காணமே." நியாயமான கேள்வி. காலாண்டுத் தேர்வில் வாய்ஸும் கொஸ்டின் டேகும்தான் வரும், யாரும் அப்பா எங்கே என்று கேட்கப் போவதில்லை. அன்றிலிருந்து கடைசி 15 நிமிடம் தேர்வுக்கான எழுத்துப் பயிற்சி என்று வைத்து, அதை நோட்டில் எழுதி வீட்டில் காட்டச் சொன்னேன். அதற்குள் ஒரு பையனை வேறு டியூஷனில் சேர்த்துவிட்டார்கள். நல்லாப் பேச ஆரம்பித்திருந்த பையன். அவன் போனது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

விளைவு

டிசம்பரில் குடில், கேரல் என்று மூன்று வாரம் வகுப்பு நடக்கவில்லை. ஜனவரியில் திரும்ப வந்தபோது மூன்றாவது பெட்டியை எட்டியிருந்த சொற்கள் பெரும்பாலும் நினைவில் இருந்தன, ஒன்றாவது பெட்டியில் கிடந்தவை ஏறக்குறைய முழுக்கப் போய்விட்டன. அரையாண்டு மதிப்பெண்ணில் நான்கு பேருக்கு நல்ல ஏற்றம், மற்றவர்களுக்குச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

பிப்ரவரியில் மறுபடி திண்ணையில் உட்கார்ந்து ஒரு நிமிடம் பேசச் சொன்னேன். மீதமிருந்த 15 பேரில் இரண்டு வாக்கியத்தோடு நின்றவர்கள் இரண்டு பேர். மற்ற எல்லோரும் நிமிடத்தை நிரப்பினார்கள், சிலர் நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை. கேள்வி நன்றாக வருகிறது, 'த' முன்னைவிடப் பரவாயில்லை. 'ஸ்' மட்டும் எழுத்தில் வருகிறது, பேச்சில் இன்னும் பாதி நேரம் விழுகிறது. ஏலத்தில் முதலில் பிடித்ததும் அதைத்தான், பேச்சில் கடைசிவரை வராததும் அதுதான். 1974இல் டூலே, பர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆங்கிலம் கற்கிற ஸ்பானிஷ், சீன மொழிப் பிள்ளைகளை ஆராய்ந்தபோதும் இந்த 'ஸ்' பின்னால் வருகிற கூட்டத்தில்தான் இருந்தது. இது முன்பே எனக்கு நினைவுக்கு வந்திருந்தால் ஜூலை மாதம் முழுவதையும் அந்த ஒரு எழுத்துக்குச் செலவழித்திருக்க மாட்டேன்.

ஜன்னலோரப் பிள்ளை இப்போது நான்கு பேர் நடுவில் பேசுகிறாள். முழு வகுப்புக்கு முன் இன்னும் பேசவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

அடுத்த முறை மாற்றுவது

முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையின் ஒரு நிமிடப் பேச்சையும், பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு, போனில் பதிவு செய்வேன். இந்த முறை ஜூன் மாதத்துக் குரல் என்னிடம் இல்லை, என் நோட்டுக் குறிப்பை மட்டும் நம்பித்தான் மேலே உள்ளதை எல்லாம் எழுதியிருக்கிறேன். பேசாத பிள்ளைக்கு என் நோட்டில் தனிப் பக்கம் இருக்கும், இரண்டு வாரம் அது காலியாக இருந்தால் அதையே ஒரு பிழையாக எடுத்துக்கொள்வேன். ஏலம் இரண்டாவது மாதத்தில்தான், அதுவும் பிள்ளைகள் பேச்சிலிருந்து எடுத்த வாக்கியங்களோடு மட்டும், ஏலம் விடுகிற ஆள் ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். பெற்றோரை முதல் வாரத்திலேயே கூப்பிட்டு ஒரு பாதிச் சீட்டு ஆட்டத்தை அவர்கள் முன்னால் நடத்திக் காட்டுவேன்.

ஜூன் மாதம் அப்பாக்கள் வீட்டில் இருக்கிறார்கள், படகு கரையில் இருக்கிறது. எந்த வருடம் முதலில் கடலுக்குப் போனீர்கள், என்ன மீன் பட்டது, யார் கூட இருந்தார்கள் என்று பிள்ளைகள் தமிழில் கேட்டு வந்து வகுப்பில் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கேள்வித்தாளை இப்போதே எழுதத் தொடங்கிவிட்டேன், பத்து கேள்வி, எல்லாமே 'டிட்'.